குப்பைத்தொட்டிக்குப் பெயர் எழுதலாம், வாங்க

தஞ்சாவூரில் இப்போது பல வீடுகளில் வாசல் ஓரம் இரண்டு தொட்டி இருக்கிறது. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. அடுக்குமாடி வீடுகளில் கீழ்த்தளத்தில் சக்கரம் வைத்த பெரிய தொட்டிகள், 120 லிட்டர், 240 லிட்டர் என்று நிற்கின்றன. மூடியைத் திறந்தால் பச்சையில் பால் கவர் கிடக்கும், நீலத்தில் முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கும். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பிரித்துப் போட மனசு இல்லை என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் ஐந்து பேர், வந்து போகிற விருந்தாளி, வேலைக்கு வரும் அம்மா, பேரன் பேத்தி எல்லோரும் அந்தத் தொட்டியைத் திறக்கிறார்கள். எது எதற்கு என்பது வாங்கி வைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. தொட்டியே சொல்ல வேண்டும். சுத்தமாக, பளிச்சென்று, ஆறு மாதத்தில் அழியாமல், செலவில்லாமல் அதை எப்படிச் சொல்ல வைப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2016 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை. மறு வருஷம் சுற்றுச்சூழல் தினத்தையொட்டிப் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டிப் பிரசாரம் நாடு முழுக்க நடந்தது. எல்லோர் மனசிலும் அந்த இரண்டு நிறம்தான் தங்கியது. மூன்றாவதை மறந்தே போனோம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரிப்பது ஒன்றும் புது யோசனையும் இல்லை. பாரிஸ் நகரில் யூஜீன் புபெல் என்ற அதிகாரி 1883 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு கட்டடமும் மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும், அதுவும் மூன்று: அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. தொட்டி பரவிவிட்டது, பிரிப்பது மட்டும் நிலைக்கவில்லை. நூற்று நாற்பது வருஷம் கழித்து நம் தெருவிலும் அதே கதை ஓடுகிறது.

நம் ஊருக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்று ஒரு வார்த்தை. ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் அணை திறக்கிற நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிந்து, நாம் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் ஊருக்குள் நுழையும்போது, முதல் தண்ணீரோடு என்ன மிதந்து வருகிறது என்று பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் விழுகிற கவரும் பாட்டிலும் மதகில் அடைக்கும், அங்கே தப்பினால் கிளை வாய்க்காலில் அடைக்கும், கடைசியில் வயலில் படியும். கடைமடைக்காரர் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அவருக்கு நம் குப்பை முதலில் போய்ச் சேருவது எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்க் குப்பையை உரமாக்கி வயலுக்கு அனுப்புவதிலும் இதே சிக்கல்தான். சேற்றில் வெறுங்காலோடு இறங்கி நாற்று நடுகிறவர்கள் இருக்கிற நிலத்தில், கண்ணாடிச் சில்லும் பிளேடும் கலந்த உரத்தை யார் கொட்டுவார்கள்? வாசலிலேயே பிரிந்துவிட்டால் அது உரம். கலந்துவிட்டால் ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கில் இன்னொரு அடுக்கு. அந்த மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க எவ்வளவு பணமும் உழைப்பும் போகிறது என்று செய்திகளில் படிக்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் என்ன எழுதுவது. எல்லோரும் எழுதுவது "மக்கும் குப்பை", "மக்காத குப்பை". அரசு விளம்பரத்திலும் அதுதான், வண்டியிலும் அதுதான். எழுத்தாக ஒரு பலகையில் படிக்க அது சரி. தொட்டியின் மேல் அது வேலை செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் "மக்" என்றே தொடங்குகின்றன, இரண்டும் "குப்பை" என்றே முடிகின்றன. வேறுபாடு நடுவில் ஒளிந்திருக்கிறது. அவசரத்தில் ஓடுகிற கண் முதல் எழுத்தைத்தான் பிடிக்கும். விடியற்காலை ஐந்தரை மணி இருட்டில், கண்ணாடி போடாமல் குப்பையோடு வருகிற தாத்தாவுக்கு இரண்டு தொட்டியும் ஒன்றுதான்.

அதனால் எங்கள் வீட்டில் "ஈரம்", "உலர்" என்று மட்டும் எழுதியிருக்கிறோம். முதல் எழுத்தே வேறு, உருவம் வேறு, சொல் சின்னது, ஆகவே எழுத்தைப் பெரிதாக எழுதலாம். "காய்ந்தது" என்று எழுதலாமே என்று வீட்டில் கேட்டார்கள். பேச்சில் அதுதான் இயல்பு. ஆனால் நீளமான சொல், எழுத்து சிறுத்துவிடும். "காய்" என்று சுருக்கினால் காய்கறித் தோல் அங்கே போய்விடும். மூன்றாவது சின்ன டப்பாவுக்கு "ஆபத்து". தொட்டியில் "குப்பை" என்ற சொல்லே வேண்டாம். தொட்டியில் வேறென்ன இருக்கப் போகிறது?

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் அவசியம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து வேலைக்கு வந்து நம்மூரில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஈரத்துக்கு வாழை இலை, உலருக்கு பாட்டில், ஆபத்துக்கு பல்பு. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் ஆண்களில் கொஞ்சம் பேருக்குப் பிறவியிலேயே உண்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் நம் எல்லோருக்குமே நீலமும் பச்சையும் குழம்பும்.

இப்போது எதால் எழுதுவது. இதில்தான் பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

தொட்டி செய்கிற பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இந்த இரண்டின் மேலும் எதுவுமே பிடிப்பாக ஒட்டாது. தண்ணீர் விட்டால் பரவாமல் முத்து முத்தாக உருளும், பார்த்திருப்பீர்கள். பெயிண்ட்டுக்கும் பசைக்கும் அதே கதிதான். எனாமல் அடித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு கோடையில் செதில் செதிலாக உரியும். பேப்பரில் அச்சடித்து செல்லோ டேப் ஒட்டினால் ஐப்பசி அடைமழையில் முதல் வாரமே ஊறித் தொங்கும். மார்க்கர் பேனாவால் எழுதினால் தஞ்சாவூர் வெயிலுக்கு முன்னால் நிற்காது. சிவப்பு முதலில் போகும், நீலம் வெளிறும், கறுப்பு கொஞ்ச நாள் தாங்கும். அந்தப் பேனாக்களில் இருப்பது பெரும்பாலும் சாயம். சாயத்தை வெயில் தின்றுவிடும்.

எனக்குப் பிடித்த வழி ரேடியம் ஸ்டிக்கர். பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டித் தருகிற கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களிடம் வெட்டி மீந்த துண்டுகள் எப்போதும் ஒரு மூலையில் சுருட்டிக் கிடக்கும். நம் தொட்டிக்கு அந்தத் துண்டே போதும். மூன்று தொட்டிக்கு, வெட்டுக் கூலி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வெளிச்சம் பட்டால் மின்னும் என்பதால் விடிகாலையில் வண்டியின் விளக்கிலேயே எழுத்து தெரியும்.

கடைக்காரரிடம் சொல்லும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். எழுத்தைத் தனித்தனியாக ஒட்ட வேண்டாம். வெள்ளை நிறத்தில் ஒரு சதுரத் துண்டு, அதன் மேல் எழுத்து என்று வெட்டச் சொல்லுங்கள். சின்னச் சின்ன ஓரங்கள் நேராகத் தொட்டியோடு மல்லுக்கட்டாது. அந்தச் சதுரத்தின் நான்கு மூலையையும் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும். அடுத்தது புள்ளி. தமிழ் எழுத்தில் மெய்யின் தலைப் புள்ளி கணினியில் இருக்கிற அளவுக்கே வெட்டினால் பட்டாணி அளவுகூட வராது. தேய்த்துக் கழுவும்போது அதுதான் முதலில் விழும். "ஈரம்" அப்புறம் "ஈரம" ஆகிவிடும். புள்ளியைப் பெரிதாக, எழுத்தை ஒட்டினாற்போல் வைக்கச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணுமே வெட்டிப் பழகியவர் என்றால் இதைச் சொல்லாமல் அவருக்குத் தோன்றாது. எழுத்து உயரம் இரண்டு அங்குலம் இருந்தால் தெருவுக்கு எதிர்ப்புறமிருந்தே படிக்கலாம்.

ஒட்டுவதற்கு முன் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஒட்டுகிற இடத்தை மட்டும் உப்புத்தாளால், வழவழப்பு போய் மங்கலாகும் வரை தேயுங்கள். பொடியைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்தால் எண்ணெய்ப்பசை போய்விடும். தொட்டியை மறுபடி பத்து நிமிஷம் வெயிலில் வைத்துச் சூடாக்கி, சூட்டோடு ஒட்டுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பழைய ஏடிஎம் கார்டால் அழுத்தித் தள்ளினால் காற்றுக் குமிழி நிற்காது. அன்றைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொரசொரப்பாகப் புள்ளி புள்ளியாக வார்த்த தொட்டியில் இந்த ஸ்டிக்கர் பிடிக்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

அந்த வழி அச்சுத் தகடு. அரிசி மூட்டையில் மில் பெயரைத் தகரத்தில் வெட்டி, மேலே மை தடவி எடுப்பார்களே, அதே முறை. தகரம் வேண்டாம். பழைய எக்ஸ்ரே பிலிம் போதும், கத்தியால் சுலபமாக வெட்டலாம், மழுங்காது, மடங்காது. எனாமல் பெயிண்ட்டை ஸ்பாஞ்சில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதிகம் தொட்டால் பிலிமுக்கு அடியில் கசிந்து எழுத்து வீங்கும். இதற்கும் உப்புத்தாள் தேய்ப்பு கட்டாயம், சொரசொரப்பு பெயிண்ட்டுக்குப் பிடி கொடுக்கும். ஒரு நுணுக்கம்: க, ம போன்ற எழுத்துகளுக்கு மூடிய வளையம் உண்டு. அச்சு வெட்டும்போது அந்த வளையத்தின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். இரண்டு பக்கமும் மெல்லிய பாலம் விட்டு வெட்டினால் நிற்கும். ட, ப, ர போன்றவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாழை இலைப் படத்துக்கும் இல்லை, நடு நரம்பை ஒரு பாலமாக விட்டுவிட்டால் இலை இன்னும் அழகாக வரும்.

களத்தில் நெல் குவித்து வைத்த இரவில் குவியலின் மேல் சாணிப்பாலில் குறி போடுவார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். செலவே இல்லாத குறி, பார்த்த மாத்திரத்தில் விஷயம் சொல்லும் குறி. பொருளின் மேல் குறி வைப்பது நமக்குக் கைவந்த பழக்கம்தான்.

எங்கே எழுதுவது என்று கேட்டால், பலர் முன்பக்கத்தில் மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சக்கரத் தொட்டிக்குப் படிக்கிறவர் இருவர். போடுகிறவர் நேராக வந்து மூடியைத் திறக்கிறார். அவர் கண் மூடியில் இருக்கிறது. எடுக்கிறவர் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்து இழுக்கிறார். அவர் கண்ணுக்கு முன்பக்கம் தெரியவே தெரியாது. மூடியின் மேல் ஒன்று, கைப்பிடிக்குக் கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் வேண்டும். எங்கள் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா இதைத்தான் சொன்னார். "தொறந்து பாத்து கைய விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுட்டா நல்லது தம்பி." அவர் விரலில் பழைய கண்ணாடி வெட்டு இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். மூடியின் உட்பக்கத்தில் சின்ன எழுத்தில் விவரம் எழுதலாம், அங்கே வெயிலும் மழையும் படாது: முட்டை ஓடு ஈரம், தேங்காய் ஓடு தனி, பால் கவர் அலசி உலர் என்று உங்கள் வீட்டில் அடிக்கடி சண்டை வருகிற பொருள்கள் மட்டும் போதும்.

அடுக்குமாடியிலும் வரிசை வீடுகளிலும் தொட்டி இடம் மாறிப் போவது தினசரிச் சங்கதி. அதற்குப் பெயர் எழுத வேண்டாம், கதவு எண் எழுதுங்கள். குடியிருப்பவர் மாறுவார், கதவு எண் மாறாது. வீட்டை எண்ணால் அடையாளம் சொல்வதில் இந்த ஊருக்கு ஆயிரம் வருஷப் பழக்கம் இருக்கிறது. பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை வரிசையாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று முகவரியோடு வெட்டியிருக்கிறார்கள். சிறகு என்றால் வீட்டு வரிசை. அத்தனை பேருக்கும் நெல் அளக்க வேண்டும், ஆள் மாறினாலும் கணக்கு தவறக் கூடாது என்பதால் அந்த ஒழுங்கு. கோயிலுக்குப் போகும்போது அந்த எழுத்தின் சீரைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கதவு எண்ணுக்கு ஸ்டிக்கரும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குவதுபோல, தொட்டியிலேயே பதித்துவிடலாம். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவரிடம் இருக்கும் பற்றவைக்கிற சூட்டுக்கோலால் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ எழுதினால் தொட்டி இருக்கும் வரை அழியாது. மெல்லிய தொட்டியில் ஓட்டை விழாமல் லேசாகத் தொட வேண்டும். புகை வரும், கண்டிப்பாக வெளியில் காற்றாட வைத்துச் செய்யுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

இனி அந்த மூன்றாவது டப்பா. டியூப் லைட், பல்பு, பேட்டரி செல், காலாவதியான மாத்திரை, ஊசி, உடைந்த தெர்மாமீட்டர் எல்லாம் அதற்குள். பழைய பெயிண்ட் வாளி ஒன்று மூடியோடு போதும், தினமும் நிரம்பாது. நம் பகுதியில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: பூச்சிமருந்து டப்பா. ஊருக்குள் வீடு, வெளியே நிலம் என்று இருக்கிற குடும்பங்களில் காலி டப்பா வண்டியில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த டப்பாக்களின் மேல் முக்கோணம் போட்ட சதுரம் இருக்கும், 1971 பூச்சிக்கொல்லி விதிகள்படி. சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் அது நஞ்சுதான், வீரியம் குறைவு, அவ்வளவே. பச்சை முக்கோண டப்பாவைப் பார்த்துப் பச்சைத் தொட்டியில் போட்டால் அந்த உரம் என்ன ஆகும்? நீல முக்கோண டப்பா நீலத் தொட்டிக்குப் போனால் அதைப் பிரிக்கிற கை என்ன ஆகும்? இதனால்தான் மூன்றாவது டப்பாவில் நிறம், எழுத்து, படம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறேன். சிவப்புச் சதுரம், வெள்ளை எழுத்தில் "ஆபத்து", பக்கத்தில் பல்பு. உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி மேலே "கண்ணாடி" என்று எழுதி இதிலேயே வையுங்கள். நாப்கினையும் டயப்பரையும் நன்றாகச் சுற்றிக் கொடுக்க விதியே சொல்கிறது. சுற்றிய பொட்டலத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கல்யாண மண்டபங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், தை பிறந்தால் நம் ஊரில் குப்பையின் கணக்கே மாறிவிடும். ஒரு பந்திக்கு எத்தனை இலை! நல்ல வாழை இலை மட்டும் தனியாகச் சேர்ந்தால் மாட்டுக்கும் உரத்துக்கும் அதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனால் இலையைச் சுருட்டும்போது தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், டிஷ்யூ எல்லாம் உள்ளே போய்விடுகிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர்த் தட்டும் பேப்பர்க் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் அடக்கம். இலை மாதிரியே அச்சிட்ட பூச்சுப் பேப்பர் எங்காவது பந்தியில் வந்தால் பார்வைக்கு இலை, மக்காது.

மண்டபத்தில் தொட்டியின் மேல் எழுதுவதில் பயனில்லை. கை கழுவுகிற இடத்தில் கூட்டம் மொய்க்கும், தொட்டி ஆட்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே எழுத்து தொட்டிக்கு மேலே, சுவரில், கண் உயரத்தில் இருக்க வேண்டும். சார்ட் அட்டையில் அரை அடி உயர எழுத்து: "இலை", "பாட்டில்", "கப்". பாட்டில் தொட்டியின் மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டால் வேறு எதுவும் உள்ளே போகாது, எழுத்தைவிட அந்த ஓட்டை நன்றாகப் பேசும். பந்தி எடுக்கிறவர்களிடம் முதல் பந்திக்கு முன்னாலேயே சொல்லி, பாட்டிலையும் கப்பையும் இலை சுருட்டுவதற்கு முன் பொறுக்க ஓர் ஆளை நிறுத்தச் சொல்லுங்கள். வரும் தையில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம் இருக்கிறது. மண்டபத்துக்காரர் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டேன் என்கிறார், அதனால் அட்டைகளைச் சணல் கயிற்றில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டப் போகிறேன்.